மூத்த மகனை நீக்கும் படிவம்

பல் செட் செய்யும் லேபில் அவளுக்கு மெழுகு என்று பெயர். தாடை அச்சின் மேல் இளஞ்சிவப்பு மெழுகை உருக்கி ஊற்றி, அதில் பற்களை வரிசையாக நடுவது அவள் வேலை. ஒரு நாளைக்கு இரண்டு வாய். யாருடைய வாய் என்று தெரியாது. பல் மருத்துவரிடமிருந்து அச்சு வரும், அதன் கழுத்தில் ஒரு எண் தொங்கும், அவ்வளவுதான். ஊரில் எப்படியும் ஆயிரம் பேர் அவள் நட்ட பல்லால் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர்கூட அவளைப் பார்த்துச் சிரித்ததில்லை.

குடியிருப்பது மூன்றாவது மாடியில் ஓர் அறை. கட்டில் போட்ட பிறகு கதவு பாதிதான் திறக்கும். அறைக்குள் சமைக்கக் கூடாது என்பது வீட்டுக்காரர் சட்டம். ஆகவே கட்டிலில் உட்கார்ந்து பார்சலைப் பிரித்து, சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவாள். அப்பா அம்மா இல்லை. இருப்பது ஒரே அக்கா, அவளும் வேறு ஊரில் வாழ்க்கைப்பட்டவள்.

"ஒரு தடவை வந்துட்டுப் போயேன்கா" என்று போனில் கேட்டால், "வந்து? உன் கட்டில்ல உட்கார்ந்து பார்சல் பிரிக்கவா? முதல்ல அடுப்படி இருக்கிற வீடாப் பாருடி, அப்புறம் வரேன்" என்பாள் அக்கா.

அடுப்படி உள்ள வீடு ஒன்றை அவள் பார்த்தும் வைத்திருந்தாள். இரண்டு தெரு தள்ளி. இருக்கிறவர் ஒரு வருடத்தில் காலி செய்கிறார். அட்வான்ஸ் ஒரு லட்சம். மெழுகின் கணக்கில் மூன்று வருடச் சேமிப்பு எண்பத்து நான்காயிரம் இருந்தது. சம்பளத்தில் வயிற்றைக் கட்டினால் வருடத்துக்குப் பதினான்காயிரம் சேரும். வங்கி தருகிற இரண்டரை சதவீத வட்டி இரண்டாயிரத்து நூறு. கூட்டினால் ஒரு லட்சத்து நூறு. வீடு வந்துவிடும், அடுப்பு வராது. நூறு ரூபாய்க்கு அடுப்பைப் பற்றவைக்கும் லைட்டர்தான் கிடைக்கும்.

"பணத்தை இப்படித் தூங்க விடலாமா? தட்டி எழுப்பு" என்றார் லேபில் அச்சு வார்க்கும் அண்ணன். அவர் தன் பணத்தை எழுப்பி விட்டதில் அது எழுந்து எங்கோ போய்விட்டது என்பது தனிக் கதை.

மெழுகு அரை நாள் லீவு போட்டுவிட்டு வங்கிக்குப் போனாள்.

வாசலிலேயே ஆளுயரத்துக்கு ஒரு படம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், நால்வருக்கும் முப்பத்திரண்டு பல்லும் தெரிகிறது. மேலே 'நம் குடும்ப வைப்பு: 8.25%' என்று எழுதியிருந்தது. அவள் முதலில் பல்லைப் பார்த்தாள். அத்தனையும் வரைந்த பல். பிறகுதான் சதவீதத்தைப் பார்த்தாள். மனதுக்குள் பெருக்கினாள். ஆறாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது. ஏறக்குறைய ஐயாயிரம் கூடுதல். அடுப்பு, குக்கர், அக்காவுக்கு ஒரு பாய், தலையணை எல்லாம் கண்முன் வந்து நின்றன.

டோக்கன் எண் நூற்று அறுபது அழைக்கப்பட்டபோது, கழுத்துப் பட்டை இறுக்கிய ஓர் இளைஞரிடம் போய் உட்கார்ந்தாள். மேசைப் பலகை அவரை 'உறவு மேலாளர்' என்றது.

"குடும்பத்துல எத்தனை பேர் மேடம்?"

"நான் ஒருத்திதான் சார்."

"ஒருத்தின்னா அது குடும்பம் இல்லையே. வெறும் வாடிக்கையாளர்." அவர் முகத்தில் நிஜமான வருத்தம் தெரிந்தது. "நாலு பேர் வேணும். நாலு பேரும் இதே கிளையில ஒரு வருஷத்துக்குப் பணம் போடணும்."

அங்கிருந்தபடியே அக்காவுக்குப் போன் போட்டாள். "என் பேரையெல்லாம் எதுலயும் சேர்க்காதடி, உங்க மாமாவுக்குப் பிடிக்காது" என்றாள் அக்கா. "சரி, வீடு பார்த்தியா?"

கிளை மேலாளர் கண்ணாடி அறைக்குள்ளிருந்து இதைக் கவனித்துக்கொண்டிருந்தார் போலும். உள்ளே அழைத்து உட்கார வைத்தார். எந்த விஷயத்தையும் எழுந்து நின்று, ஒரு கையை மேசையில் ஊன்றிக்கொண்டுதான் சொல்வார்.

"இந்த வங்கி தனி மனிதர்களை நம்பறதில்லைம்மா. ஏன்? தனி ஆளுக்கு ஒரு தேவை வந்தா, நேரா வந்து பணத்தை எடுத்துட்டுப் போயிடறாங்க. அவங்க பணம்னு நினைப்பு! குடும்பம் அப்படியில்ல. நாலு பேரும் கூடிப் பேசி, ஒத்துக்கிட்டு, ஒண்ணா வந்து பணம் எடுக்கறதுக்குள்ள வருஷம் ஓடிடும். அதனாலதான் நாங்க குடும்ப உறவுகளை மதிக்கறோம்."

"எனக்குக் குடும்பம் இல்லையே சார்."

"கவலையே வேண்டாம். நாங்க குடுக்கறோம்."

அடித்தளத்தில், லாக்கர் அறைக்குப் பக்கத்தில், குடும்ப அமைப்புப் பிரிவு இருந்தது. அவளைப் போல நாதியற்ற மூன்று பேர் ஏற்கனவே ஒரு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் போல. ஐம்பது வயதுத் தையல்கார அம்மா. அறுபத்து நான்கு வயதில் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். லிஃப்ட் பழுது பார்க்கும் மெக்கானிக், நாற்பத்தேழு வயது, கட்டைப் பிரம்மச்சாரி.

யார் யாருக்கு என்ன உறவு என்பதில் வங்கி வயதைப் பார்ப்பதில்லை, போட்ட தொகையைப் பார்க்கும். அதிகம் போட்டவர் அப்பா. அடுத்தவர் அம்மா. பிறகு பிள்ளைகள். தையல்கார அம்மா இரண்டு லட்சம் போட்டதால் அப்பா ஆனார். மெழுகு எண்பத்து நான்காயிரத்தில் அம்மா. அறுபத்திரண்டாயிரம் போட்ட கண்டக்டர் மூத்த மகன். ஐம்பத்தோராயிரம் போட்ட லிஃப்ட் மெக்கானிக் கடைக்குட்டி.

"நான் அப்பாவா? எங்கப்பா கேட்டா சமாதியில இருந்து எழுந்து வந்துடுவாரு" என்றாள் தையல்கார அம்மா.

"அது உங்க பழைய குடும்ப விவகாரம். இங்க கையெழுத்துப் போடுங்க" என்றார் அலுவலர்.

கண்டக்டர் எழுந்து, தன்னைவிட முப்பத்தொன்பது வயது இளையவளான தாயைப் பார்த்துக் கும்பிட்டார். வாயில் ஒரே ஒரு பல்தான் இருந்தது. "ஆசீர்வாதம் பண்ணும்மா" என்றார். பல்லைப் பார்த்தே ஆளை எடைபோடும் மெழுகு அந்த ஒற்றைப் பல்லையே பார்த்தாள். "நல்லாயிருங்க" என்றாள்.

படிவத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் நாற்பது விதிகள் இருந்தன. மாதத்தில் முதல் சனிக்கிழமை நால்வரும் சேர்ந்து சாப்பிட வேண்டும், வங்கி ஆய்வாளர் வந்து பார்ப்பார். தினமும் மாலை ஆறே காலுக்கு மூத்த மகன் தாய்க்குப் போன் செய்ய வேண்டும், மூன்று நிமிடத்துக்குக் குறையக் கூடாது. அதற்கு 'அக்கறை அழைப்பு' என்று பெயர்.

முதல் சனிக்கிழமை தையல் கடையில் கூடினார்கள். துணி வெட்டும் மேசைதான் சாப்பாட்டு மேசை. ஆளுக்கொரு பாத்திரம் கொண்டு வந்திருந்தார்கள், மெழுகு மட்டும் பார்சல். நால்வரும் தலை குனிந்து, பரீட்சை எழுதுவது போலச் சாப்பிட்டார்கள். ஆய்வாளர் ஓர் அட்டையும் பேனாவுமாகச் சுற்றி வந்தார்.

"இந்த மாசம் என்ன சண்டை போட்டீங்க?"

"சண்டையெல்லாம் இல்லைங்க. ஒத்துமையா இருக்கோம்" என்றாள் தையல்கார அம்மா, பெருமையாக.

ஆய்வாளர் பேனாவை மூடினார். "ஒத்துமையா? எத்தனை குடும்பம் பார்த்திருக்கேன் நான். சண்டை இல்லைன்னா நீங்க நாலு பேரும் வட்டிக்காகச் சேர்ந்தவங்கன்னு அர்த்தம்."

"வட்டிக்காகத்தானே சேர்ந்தோம்?" என்றார் மெக்கானிக்.

"அதை நீங்க சொல்லக் கூடாது. நாங்கதான் சொல்லுவோம்" என்று மூடிய பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டார் ஆய்வாளர். அந்த மாதம் சி தரம்.

அடுத்த முறைக்குச் சண்டையை ஒத்திகை பார்த்தார்கள். தன் பாத்திரத்திலிருந்து கண்டக்டர் எடுத்துச் சாப்பிடுவதாகக் கடைக்குட்டி குற்றம் சாட்ட வேண்டும், அப்பா அதட்ட வேண்டும், அம்மா பிள்ளை பக்கம் பேச வேண்டும். ஆய்வாளர் வந்ததும் தொடங்கினார்கள்.

"என் பாத்திரத்துல ஏன் கை வெக்கறே?"

"வெச்சா என்னடா? தம்பி பாத்திரம்தானே!"

"போன மாசமும் இதேதான் பண்ணினே. நான் பார்க்கலைன்னு நினைச்சியா?"

"போன மாசம் நீயே குடுத்தடா, உப்புக் கம்மின்னு!"

ஒத்திகையில் போன மாதம் இல்லை. மெக்கானிக்குக் கண் சிவந்துவிட்டது. பாத்திரத்தை மூடிக்கொண்டு படியில் போய் உட்கார்ந்தார். மெழுகு பின்னாலேயே போனாள். "சரி வா, எந்திரி. அவர் வயசானவர்" என்றாள். "எப்பவும் உனக்கு அவன்தான் ஒசத்தி" என்றார் நாற்பத்தேழு வயதுக் கடைக்குட்டி. ஆய்வாளர் ஏ தரம் போட்டுவிட்டுப் போனார்.

அக்கறை அழைப்புதான் முதலில் பெரும்பாடாக இருந்தது.

"அம்மா, வண்டி டிப்போ போய்ச் சேர்ந்துச்சா?" என்பார் கண்டக்டர். வீடு போய்விட்டாயா என்று அர்த்தம்.

"சேர்ந்துட்டேன்."

"சாப்பிட்டியா?"

"இனிமேதான்."

இருபது நொடி ஆகியிருக்கும். இன்னும் இரண்டு நிமிடம் நாற்பது நொடியை எதைப் போட்டு நிரப்புவது? கண்டக்டர் தன் பழைய தடத்தின் நிறுத்தங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வருவார். தண்ணித் தொட்டி, பழைய கோர்ட்டு, பள்ளிக்கூடம், ஆசுபத்திரி, மில் வாசல். கடைசி நிறுத்தம் வரும்போது மூன்று நிமிடம் சரியாக முடியும். அவள் கட்டிலில் உட்கார்ந்து பார்சலைப் பிரிக்காமல் கேட்டுக்கொண்டிருப்பாள்.

மூன்றாம் மாதம் மில் வாசலில் யார் ஏறுவார்கள், யார் சில்லறை தரமாட்டார்கள் என்பதெல்லாம் வந்தது. அவள் அன்று செய்த வாய்களைப் பற்றிச் சொன்னாள். "இன்னிக்கு வந்த அச்சு, ராத்திரியெல்லாம் பல்லைக் கடிக்கிற ஆள். பாவம், என்ன கோபமோ." ஐந்தாம் மாதத்தில் மில் வாசலைத் தாண்டவே அரை மணி நேரம் ஆயிற்று. உபரி நிமிடங்களுக்கு வட்டி கிடையாது என்று வங்கியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது.

பத்தாம் மாதம் லேபில் ஓர் அச்சு அவள் மேசைக்கு வந்தது. மேல் தாடை முழுப் பொக்கை. கீழே ஒரே பல், அதன் முனையில் பிறை வடிவத்தில் ஒரு தேய்மானம். முப்பது வருடம் விசிலைக் கடித்தால்தான் ஒரு பல் அப்படித் தேயும். எண் அட்டையைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. மெழுகு அன்று ஒரே ஒரு வாய்தான் செய்தாள். முன்பல் ஆறையும் மூன்று முறை பிடுங்கி மூன்று முறை நட்டாள். அவரிடம் சொல்லவில்லை. போட்டுக்கொண்டு வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

பல்லைப் போட்டுக்கொண்டு அவர் வருவதற்குள் வங்கிக் கடிதம் வந்தது. மூத்த மகன் பல் கட்டுவதற்காக வைப்பிலிருந்து இருபதாயிரத்தை எடுத்துவிட்டார். மீதி நாற்பத்திரண்டாயிரம். குறைந்தபட்சம் ஐம்பதாயிரம் இருக்க வேண்டும்.

கிளை மேலாளர் எழுந்து நின்று மேசையில் கையை ஊன்றினார்.

"மூத்த மகன் தகுதி இழந்துட்டார்மா. அவரை நீக்கணும். உங்களுக்குப் புது உறவு ரெடியா இருக்கு. டைல்ஸ் கடை முதலாளி, அஞ்சு லட்சம். அவர் அப்பா ஆயிடுவார், தையல்காரம்மா அம்மா, நீங்க மூத்த மகன்."

"எட்டாயிரம்தானே சார் குறையுது? என் சம்பளத்துல சேர்த்தது பன்னிரண்டாயிரம் இருக்கு. நான் அவர் கணக்குல போட்டுடறேன்."

மேலாளர் முகம் சுருங்கியது. கூடாத ஒன்றைக் காதில் கேட்டுவிட்டவரைப் போலக் கதவைச் சாத்தினார். "அம்மா மகனுக்குப் பணம் குடுக்கறதா? அது பாசம். விதி பதினாலு, பாசம் இருப்பாகக் கருதப்பட மாட்டாது. குடும்பத்துக்குள்ள ஒருத்தர் பணத்தை ஒருத்தருக்குக் குடுத்துக்க ஆரம்பிச்சா, அப்புறம் வங்கி எதுக்கு?"

"நீக்கலைன்னா?"

"மூணு பேருக்கும் இரண்டரை சதவீதம். அபராதம் தனி."

படிவத்தை நீட்டினார். நீக்கக் காரணம்: சொல் பேச்சு கேளாமை, இருப்புக் குறைவு, இதர. கீழே, 'பெற்ற மனத்துடன் சம்மதிக்கிறேன்'. தாயின் கையெழுத்து இல்லாமல் செல்லாது. அவள் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தையல் கடைக்குப் போனாள்.

தையல்கார அம்மா மெஷினை நிறுத்தவில்லை. "நான் எதுவும் சொல்ல மாட்டேன்டி. நீதான் அம்மா. ஆனா என் ரெண்டு லட்சமும் அதுலதான் கிடக்கு, அதை மட்டும் நினைச்சுக்கோ."

மெக்கானிக் தரையைப் பார்த்தபடி, "பெரியவர் கோவிச்சுக்க மாட்டாரு" என்றார்.

ஆறே காலுக்குப் போன் வந்தது. குரலிலேயே புதுப் பல் தெரிந்தது.

"அம்மா, வண்டி டிப்போ சேர்ந்துச்சா?"

"சேர்ந்துட்டேன். பல் எப்படி இருக்கு?"

"மேல் பல்லு ராஜா மாதிரி இருக்கு. கீழ்ப் பல்லுதான் பேசினா குதிக்குது."

"ஒரு ஓரம் உரசுது. கொஞ்சம் ராவினா சரியாயிடும். நான் ராவித் தரேன்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"நான்தானே நட்டேன்."

அந்தப் பக்கம் பல்லைக் கழற்றி மாட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "சொல்லியிருந்தா இன்னும் நல்லா சிரிச்சிருப்பேனேம்மா" என்றார். "பேங்க்ல கூப்பிட்டுச் சொன்னாங்க. போட்டுடு கையெழுத்தை. டிக்கெட் வாங்கின தூரம் முடிஞ்சா எறங்கித்தானே ஆகணும். நானே எத்தனை பேரை விசிலடிச்சு எறக்கி விட்டிருக்கேன்."

அன்று அவர் நிறுத்தங்களைச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. மூன்று நிமிடத்துக்கு நாற்பது நொடி குறைந்தது.

அடுப்பும் குக்கரும் பாயும் தலையணையும் அவள் கண்முன் வந்து நின்றன. தையல்காரம்மாவின் இரண்டு லட்சமும் வந்து நின்றது. அவற்றுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது எளிதாக இருந்தது. 'இருப்புக் குறைவு' என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்திட்டாள்.

நீக்கப்பட்டவர் பழைய குடும்பத்தோடு தொடர்பு கொள்ளக் கூடாது என்பது முப்பத்தொன்றாவது விதி. கண்டக்டர் முப்பது வருடம் விதிப்படி நடந்தவர். ஆறே காலுக்குப் போன் வரவில்லை. இப்போது மூத்த மகன் மெழுகு என்பதால், அவள்தான் தையல்கார அம்மாவை அழைக்க வேண்டும்.

"கடையில ஆள் நிக்குதுடி. லைன்லயே இரு, மூணு நிமிஷம் ஓடட்டும்" என்று போனை மெஷின் பக்கத்தில் வைத்துவிடுவாள் அம்மா. மெழுகு கட்டிலில் உட்கார்ந்து மூன்று நிமிடம் தையல் மெஷின் ஓடுவதைக் கேட்பாள்.

கடைசி மாதச் சனிக்கிழமைச் சாப்பாட்டுக்குப் புது அப்பா வரவில்லை. அதிகாரப் பத்திரத்தோடு தன் கணக்குப்பிள்ளையை அனுப்பினார். கணக்குப்பிள்ளை எதுவும் சாப்பிடவில்லை, யாரையும் பார்க்கவில்லை, அப்பா என்று எழுதியிருந்த இடத்தில் கையெழுத்திட்டுவிட்டுப் போனார். மெக்கானிக் தன் பாத்திரத்தைத் தானே சாப்பிட்டு முடித்தார்.

ஆய்வாளர் நெகிழ்ந்துபோனார். "இத்தனை வருஷத்துல இப்படி ஒரு குடும்பம் பார்த்ததில்லை. ஒரு சத்தம் இல்லை, ஒரு செலவு இல்லை, இருப்பு மட்டும் ஏறியிருக்கு!" ஏ தரத்துக்கு மேல் ஒரு நட்சத்திரம் போட்டார்.

முதிர்வு நாளில் உறவு மேலாளர் கைகுலுக்கினார். வட்டி ஆறாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது. அதில் குடும்ப அமைப்புக் கட்டணம் ஆயிரத்து இருநூறு. ஆய்வாளர் வருகை மாதம் இருநூற்றைம்பது வீதம் மூவாயிரம். சண்டை மதிப்பீடு நானூறு. உறவு நீக்கம், மாற்று சேர்த்து நூற்று எண்பத்தொன்பது.

"இதெல்லாம் போக, சாதாரணக் கணக்கைவிட உங்களுக்கு நாற்பத்தொண்ணு அதிகம் மேடம்!" என்றார். "குடும்பம் இன்னியோட தானாக் கலைஞ்சிடும். அதுக்குக் கட்டணம் இல்லை."

அட்வான்ஸ் கட்டினாள். சாவி வாங்கினாள். அடுப்படியில் மேடை இருந்தது, மேடையில் அடுப்பு வைக்க வேண்டிய இடம் வெள்ளையாகச் சதுரமாக இருந்தது. அக்காவுக்குப் போன் போட்டாள். "இந்த மாசம் உங்க மாமாவுக்கு லீவு இல்லைடி, பார்க்கலாம்" என்றாள் அக்கா.

குடும்பமே கலைந்த பிறகு முப்பத்தொன்றாவது விதி யாரை என்ன செய்யும் என்று மெழுகுக்குத் தோன்றியது. மறுநாள் லேபிலிருந்து ஒரு சிறு அரத்தையும் உரசுதாளையும் பையில் போட்டுக்கொண்டு, படிவத்தில் இருந்த முகவரியை விசாரித்துக்கொண்டு கண்டக்டர் வீட்டுக்குப் போனாள். ஒரு வருடத்தில் அங்கே போவது அதுதான் முதல் தடவை. கதவு பூட்டியிருந்தது.

எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்தாள். பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்த சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. உள்ளே போய் ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அவரு பொண்ணு வீட்டுக்குப் போயிருக்காரும்மா. சொந்தப் பொண்ணு இல்லை, பேங்க்ல குடுத்தது. முன்னாடி ஏதோ பெரிய குடும்பத்துல போட்டிருந்தாங்களாம், அங்க ஒத்துவரலை. இப்போ சின்னக் கணக்குக்காரங்களோட சேர்த்திருக்காங்க, இவரு பணம்தான் அதுல அதிகமாம், அதனால இவருதான் அப்பா! ஆனா வாயைத்தான் திறக்கறதில்லை. பல்லு குதிக்குதாம். நேரமாகும் வர்றதுக்கு. உட்காரும்மா, நின்னுக்கிட்டே இருக்கியே. நீ யாரு, அவருக்கு என்ன உறவு?"

நாற்காலி அந்த அம்மாவின் கையில் இருந்தது. மெழுகு யோசித்தாள். அம்மா என்று சொன்னால் சிரிப்பாள். மகள் இல்லை, அந்த இடத்தில் இப்போது வேறு ஆள். தெரிந்தவள் என்றால், எப்படித் தெரியும் என்று கேட்பாள். பல் நட்டவள் என்றால் அதற்குப் பணம் வாங்கியாகிவிட்டது. சொல்வதற்குக் கடைசியில் ஒன்றுதான் மிஞ்சியது.

"பேங்க்ல இருந்து வரேன்."

எதிர்வீட்டு அம்மாவின் முகத்தில் இருந்த சிரிப்பு நின்றது. "அவரு எல்லாக் கையெழுத்தும் போட்டுட்டாரே" என்றாள். நாற்காலியைத் தரையில் வைக்காமல் அப்படியே இடுப்பில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனாள். ஒரு தாழ்ப்பாள் விழுந்தது. கொஞ்சம் யோசித்து, இரண்டாவதும் விழுந்தது.